ஆபாசப் படமும் நம்முடைய அபிப்பிராயமும்

(வடக்குப்பட்டில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கூடிய ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள ஒப்பந்தத்தைப் பற்றியும் ஏரி மதகைப் பற்றியும் பேசிய இதே இடத்தில் இன்று சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் நல்ல சினிமாவைப் பற்றி அல்ல. சொற்பக் காசில் அவசர அவசரமாக எடுத்து, ஒரு கொலை, ஒரு படுக்கையறை, துப்புத் துலக்க ஒரு போலீஸ் அதிகாரி என்று ஜோடித்து, “வயது வந்தவர்களுக்கு மட்டும்” என்ற முத்திரையோடு வருகிறதே, அந்த மட்டரகப் படங்களைப் பற்றி. “இதற்கெல்லாமா ஒரு கூட்டம்?” என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்தப் படங்களை விட, அவற்றைப் பார்த்து விட்டு நம் ஆட்கள் சொல்லுகிற அபிப்பிராயம் தான் எனக்குக் கவலை. ஒரகடம் டீக்கடைகளிலும், எட்டுப் பேர் படுக்கும் வாடகை அறைகளிலும், ஷிப்டு பஸ்ஸிலும் அதைக் கேட்கலாம். “கதையே இல்லை, காசு தண்டம்” என்பார் ஒருவர். கடைசி வரை பார்த்திருப்பார். “கொலைகாரன் யாரென்று பாதியிலேயே கண்டு பிடித்து விட்டேன்” என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் சொல்லுவார்: “அவளுக்கு வெட்கமே கிடையாது. பணத்துக்காக எதையும் செய்வாள்.” இதைச் சொன்னதும் எல்லாரும் சிரிப்பார்கள். பேச்சும் அதோடு முடிந்து விடும்.

முதல் இருவரோடு எனக்குச் சண்டை இல்லை. காசு கொடுத்துப் பார்த்தவன் கதை சரியில்லை என்று சொல்ல உரிமை உள்ளவன். மூன்றாவது ஆளோடு தான் எனக்கு வழக்கு. “பணத்துக்காக” என்கிறாரே, அவர் தினமும் காலையில் கம்பெனி வாசலில் கார்டு தேய்ப்பது எதற்காக? நாற்று நட முழங்கால் சேற்றில் இறங்கும் நம் தாய்மார்கள் எதற்காக இறங்குகிறார்கள்?

கணக்கைப் பார்ப்போம். 2000-ம் ஆண்டில் மலையாளத்தில் ‘கின்னாரத் தும்பிகள்’ என்று ஒரு படம் வந்தது. ஆர். ஜே. பிரசாத் டைரக்ட் செய்தது, ஷகிலா நடித்தது. சுமார் 12 லட்ச ரூபாயில் எடுத்த அந்தப் படம் சுமார் 4 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பல பாஷைகளுக்கு மாற்றி ஓட்டினார்கள். தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் கூட்டம் அலை மோதியது. பெரிய நட்சத்திரங்களின் படங்களே அந்தக் காலத்தில் ஷகிலா படம் வருகிறதென்றால் தள்ளிப் போயின என்று பேசுவார்கள். அதைப் பார்த்து நூறு பேர் கிளம்பினார்கள். ஒரு பங்களா, நாலைந்து நடிகர்கள், சில நாள் படப்பிடிப்பு, படம் தயார்!

12 லட்சம் 4 கோடியாயிற்று என்றால், இடையில் உள்ள லாபம் எங்கே போயிற்று? தயாரிப்பாளர், விநியோகஸ்தர், கொட்டகை முதலாளி ஆகியோரின் பெட்டிக்குப் போயிற்று. சென்ஸாரில் காட்டாத துண்டுகளைத் தனியே எடுத்து வைத்து, ஊருக்கு ஊர் நடுவில் ஒட்டி ஓட்டினார்களே, அந்த “பிட்” வியாபாரம் யாருடைய யோசனை? நடித்த பெண்ணின் யோசனையா? அவளுக்கு அது தெரியவே தெரியாது என்பதும் உண்டு. அவள் உடம்பென்று நீங்கள் பார்த்தது வேறொரு பெண்ணின் உடம்பாகவும் இருக்கும். இந்தப் படங்களில் ‘டூப்’ போடுவது சர்வ சாதாரணம். அந்த டூப் பெண்ணின் பெயர் போஸ்டரிலும் கிடையாது, படத்தின் பெயர்ப் பட்டியலிலும் கிடையாது. காண்டிராக்டரிடம் வேலை செய்யும் கேஷுவல் தொழிலாளியின் பெயர் கம்பெனி ரிஜிஸ்தரில் இருக்கிறதா? அதே கதை தான்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை பேர் சம்பாதித்த அந்த வியாபாரத்தில் நமக்குத் தெரிந்த ஒரே பெயர் ஷகிலா! தயாரிப்பாளர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒருவருக்கும் தெரியாது. கொட்டகை முதலாளி ஊரில் பெரிய மனிதர். கோயில் திருவிழாவில் அவருக்குப் பரிவட்டம். கெட்ட பெயர் மட்டும் முழுக்க முழுக்க அவளுக்கு.

குடும்பத்து வறுமையினால் தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாக ஷகிலா எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே ஷகிலா 2020 நவம்பரில் ஒரு டெலிவிஷன் சமையல் போட்டியில் வந்தார். புடவை கட்டிக் கொண்டு, கூட இருந்த பையன்களைக் கண்டித்துக் கொண்டும் கொஞ்சிக் கொண்டும் சமைத்தார். அவ்வளவு தான், தமிழ்நாடே “அம்மா” என்று கூப்பிட ஆரம்பித்து விட்டது! இருபது வருஷத்துக்கு முன் அவர் பெயரைச் சொல்லிக் கண்ணடித்தவர்களே வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். இடையில் அவர் ஒன்றும் வேறு மனுஷி ஆகி விடவில்லை. முன்பு படம் எடுத்தவன் காமிராவை ஓரிடத்தில் வைத்தான். இப்போது டெலிவிஷன்காரன் வேறிடத்தில் வைத்தான். நம் அபிப்பிராயமும் காமிராவின் பின்னாலேயே போயிற்று.

ஷகிலாவுக்காவது உயிரோடிருக்கும் போதே அந்த மரியாதை கிடைத்தது. சில்க் ஸ்மிதாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆந்திராவில் ஏலூர்ப் பக்கத்து ஏழைக் குடும்பம். விஜயலட்சுமி என்று பெயர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறு வயதில் கல்யாணம். அந்த வீட்டில் பட்ட பாடு தாங்காமல் சென்னைக்கு ஓடி வந்து, நடிகைகளுக்கு ‘டச்சப்’ செய்யும் வேலையில் சேர்ந்த பெண் அவர். 1980-ல் வந்த ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சாராயக் கடையில் வேலை செய்யும் ‘சில்க்’ என்ற பாத்திரம் கொடுத்தார்கள். அந்தப் பாத்திரத்தின் பெயரே அவர் பெயராக ஒட்டிக் கொண்டது. பிறகு நூற்றுக்கணக்கான படங்கள். ஒரு பாட்டுக்கு அவர் வந்தால் படம் விலை போகும் என்று விநியோகஸ்தர்கள் கேட்டு வாங்கினார்கள். 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் குடும்பப் பெண்ணாக வந்து அருமையாக நடித்தார். அப்படிப்பட்ட வேஷம் பிறகு எத்தனை கொடுத்தார்கள்? 1996 செப்டம்பர் 23-ந் தேதி சென்னையில் இறந்து கிடந்தார். முப்பத்தாறு வயது கூட நிறையவில்லை. 2011-ல் அவர் வாழ்க்கையைத் தழுவி இந்தியில் ‘தி டர்ட்டி பிக்சர்’ என்று படம் எடுத்தார்கள். வசூல் கொட்டியது, அவராக நடித்த வித்யா பாலனுக்குத் தேசிய விருது. வித்யா பாலன் நல்ல நடிகை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவளுக்கு நாம் கொடுத்தது என்ன? விசில்!

இனிக் கொலைக்கு வருவோம். இந்த ரகப் படங்களில் ஆபாசத்தோடு கொலையும் ஏன் சேர்ந்தே வருகிறது? முதலில் பெண்ணை ஆசை தீரக் காட்ட வேண்டும். அப்புறம் அவளைத் தண்டிக்க வேண்டும். பார்ப்பவனுக்கு இரண்டு திருப்தி, ஒரே டிக்கெட்!

இதை மட்டரகப் படக்காரர்கள் மட்டும் செய்யவில்லை. 1978-ல் பாரதிராஜா ‘சிகப்பு ரோஜாக்கள்’ எடுத்தார். கமல்ஹாசன், ஸ்ரீதேவி, இளையராஜா என்று பெரிய பெயர்கள். கைதேர்ந்த படம், அதை மட்டம் என்று சொல்ல மாட்டேன். கதை என்ன? பணக்கார இளைஞன் ஒருவன் பெண்களை மயக்கிக் கூட்டி வந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். மேலே ரோஜாச் செடி. பெண்கள் தனக்குக் கெடுதல் செய்தார்கள் என்பது அவன் சொல்லும் நியாயம். கதாநாயகியோ துணிக்கடையில் நின்று விற்கிற பெண். நம்மைப் போல மாதச் சம்பளத்தை எதிர்பார்ப்பவள்.

அந்தப் படத்தில் ஓரிடத்தை நான் மறக்க முடியாது. கொலைகளைக் காமிராவில் படம் பிடித்து, அந்த இளைஞன் தன் வளர்ப்புத் தந்தைக்குப் போட்டுக் காட்டுகிறான். கிழவர் அறைக்குள் உட்கார்ந்து பார்க்கிறார். படத்தில் தெரியும் அந்தப் பெண்களை அவர் கை தொடவில்லை. வெறும் பார்வையாளர்! பாரதிராஜா என்ன நினைத்து வைத்தாரோ தெரியாது. கொட்டகை இருட்டில் நாற்காலியில் இருந்த நமக்கு அந்தக் கிழவர் கொஞ்சம் உறவு முறை ஆகிறார். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்களில் பலருடைய அபிப்பிராயம் என்ன? “கெட்ட பொம்பளைகளைத் தானே கொன்றான்!” இதை நான் இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். கொலைகாரனுடைய நியாயம் பார்த்தவனுடைய நியாயமாகி விட்டது.

பெரிய டைரக்டர், சின்ன டைரக்டர் பேச்சு வந்ததால் ஒரு வேடிக்கையையும் சொல்லி விடுகிறேன். 2020 அக்டோபரில் ‘இரண்டாம் குத்து’ என்ற படத்தின் விளம்பரம் வந்தது. ஆபாசம் தாங்கவில்லை என்று பாரதிராஜா கண்டித்து அறிக்கை விட்டார். படத்தை எடுத்த சந்தோஷ் பி. ஜெயக்குமார் என்ற இளைஞர் பதில் சொன்னார். எப்படி? பாரதிராஜா 1981-ல் எடுத்த ‘டிக் டிக் டிக்’ படத்தின் விளம்பரத்தை எடுத்துப் போட்டு, “இது மட்டும் என்ன?” என்கிற தோரணையில் கேட்டார். மூன்று கதாநாயகிகள் நீச்சல் உடையில் நிற்கிற படம் அது. அந்தக் கதையும் மாடல் அழகிகள் கொலையாகிற துப்பறியும் கதை தான். பெரியவரை அப்படிப் பேசியதற்காகப் பிறகு மன்னிப்பும் கேட்டுக் கொண்டார். மதுரை ஹைகோர்ட் கிளை அந்த முன்னோட்டத்தை நீக்கச் சொன்னது. தீபாவளிக்குப் படம் வந்தே விட்டது. பெரியவர் செய்தால் கலை, சின்னவர் செய்தால் ஆபாசமா என்று ஊரெல்லாம் வாதம் நடந்தது. இருவர் விளம்பரத்திலும் நின்ற பெண்களிடம் யாராவது போய், “உங்கள் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டார்களா? பத்திரிகைகளில் தேடிப் பாருங்கள்.

இன்னொரு அபிப்பிராயமும் உண்டு. “சர்க்கார் தடை செய்து விட்டால் தீர்ந்தது” என்பார்கள். தாய்மார்கள் பலர் அப்படி நினைக்கிறார்கள். அவர்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் தடைக் கத்தரியை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். தமிழில் முதன் முதலாக ‘ஏ’ முத்திரை குத்தப்பட்ட படம் 1951-ல் எம். ஜி. ஆர். நடித்த ‘மர்மயோகி’. எதற்காகத் தெரியுமா? பேய் வருகிறதாம்! 1968-ல் கே. ஏ. அப்பாஸ் ஒரு சிறு செய்திப் படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், மதராஸ், டில்லி நாலு நகரங்களிலும் பணக்காரர் மாளிகையையும், அந்த மாளிகைகளைக் கட்டிய கூலிகளின் குடிசையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். பம்பாயில் வறுமையினால் உடலை விற்கும் பெண்களின் தெருவும் சில நிமிஷம் வந்தது. அதற்கு ‘ஏ’ முத்திரை குத்தினார்கள். அப்பாஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனார். கேஸ் நடக்கும் போதே சர்க்கார் இறங்கி வந்து, வெட்டில்லாமல் ‘யு’ கொடுக்க ஒப்புக் கொண்டது. ஆனால் 1970-ல் வந்த தீர்ப்பு, படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்யும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு என்று உறுதி செய்தது. பெண்ணை விற்கும் படத்துக்கும், பெண் ஏன் விற்கப்படுகிறாள் என்று காட்டிய படத்துக்கும் ஒரே முத்திரை!

இப்போது கொட்டகைக்கே போக வேண்டியதில்லை, செல்போனில் வருகிறது. ஆபாசம் என்று சொல்லி 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் 18 ஓடிடி தளங்களை அடைத்தது. 2025 ஜூலையில் உல்லு, ஆல்ட் உள்பட இன்னும் 25 தளங்களை அடைத்தது. ஒரு கடையை மூடினால் அடுத்த தெருவில் வேறு பெயரில் இன்னொரு கடை. அடைக்க வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. அந்தத் தொடர்களில் வேலை செய்த பெண்களுக்குப் பேசிய கூலி வந்ததா, எழுத்து ஒப்பந்தம் இருந்ததா, வேண்டாம் என்று சொல்ல வழி இருந்ததா? இந்தக் கேள்விகளுக்குத் தடை உத்தரவில் பதில் இல்லை.

பதில் கேரளத்தில் கொஞ்சம் கிடைத்தது. 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகையைக் காரில் கடத்தி வதைத்தார்கள். சினிமாவில் வேலை செய்யும் பெண்கள் அதன் பிறகு ஒன்று சேர்ந்து சங்கமாகி, சர்க்காரை நிர்ப்பந்தித்தார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் கமிட்டி வந்தது. நம் நடிகை சாரதாவும் அதில் ஓர் உறுப்பினர். 2019 கடைசி நாளில் அறிக்கை கொடுத்தார்கள். நாலரை வருஷத்துக்கு மேல் அதை மூடி வைத்திருந்து, 2024 ஆகஸ்ட் 19-ல் தான் வெளியிட்டார்கள். அந்தத் தாமதம் யாருக்கு உதவியது என்று கேட்பதில் தப்பில்லை. பெரிய மனிதர்கள் செய்த அக்கிரமங்களைத் தான் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதிலுள்ள மற்ற விஷயங்கள்: படப்பிடிப்பு இடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. துணி மாற்ற மறைவான இடம் கிடையாது. கக்கூஸ் போக முடியாதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் வாங்கிக் கொள்கிறார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லை. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகைகளுக்கு நேரக் கணக்கே கிடையாது. கூலியில் ஏஜெண்டு பிடித்தது போக மீதி. நம் ஊர் கரும்புத் தோட்டத்தைப் பற்றி எழுதியது போல இல்லையா? செங்கல் சூளையைப் பற்றி எழுதியது போல இல்லையா?

சரி, இதை ஏன் வடக்குப்பட்டில் வந்து சொல்கிறேன்? இந்த ஊர் மண்ணுக்கு அடியில் கல்லாயுதம் கிடைத்ததென்று 2022-ல் தொல்பொருள் இலாகா தோண்டியது. மண்ணுக்கு மேலே நடப்பது அதை விடப் புதுமை. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிஸா, ஜார்க்கண்டிலிருந்தும் ஆயிரமாயிரம் இளம் பெண்கள் இந்தச் சாலைக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதிகளை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இவ்வளவு பெண்கள் அப்பன், அண்ணன் காவல் இல்லாமல், சொந்தச் சம்பளத்தில், இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும் காட்சியை இந்த ஜில்லா முன்பு பார்த்ததில்லை.

அவர்களைப் பார்த்து டீக்கடையில் என்ன அபிப்பிராயம் சொல்கிறார்கள்? வெட்கமாக இருக்கிறது சொல்ல. “ஹாஸ்டல் பெண்ணா? அப்படித் தான் இருப்பாள்.” “ராத்திரி வேலையாம், என்ன வேலையோ!” “பணத்துக்காக...” பார்த்தீர்களா, சினிமாக்காரியைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம்! இரவு முழுதும் நின்ற காலோடு செல்போனுக்கு ஸ்க்ரூ முடுக்கி விட்டு வரும் பெண்ணைப் படத்தில் பார்த்த பெண்ணாகவே பார்க்கக் கண் பழகி விட்டது.

அந்த ஹாஸ்டல் பெண்கள் யார்? சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்தவர்களை 2021 டிசம்பரில் பார்த்தோமே! விடுதிச் சாப்பாட்டில் விஷம் ஏறி 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட்டாளிகளின் கதி தெரியாமல் ஆயிரக் கணக்கில் கிளம்பி வந்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். டிசம்பர்க் குளிரில் ராத்திரி முழுவதும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆலையைச் சில வாரம் மூட வேண்டி வந்தது; ஆப்பிள் கம்பெனியே அமெரிக்காவிலிருந்து விடுதிகள் சரியில்லை என்று ஒப்புக் கொள்ள வேண்டி வந்தது. அன்று அவர்களைப் பற்றி டீக்கடைக்காரர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. மோர் கொண்டு போய்க் கொடுத்தவர்கள் கூட உண்டு. ஒரு மாதம் கழித்துப் பழைய பேச்சு திரும்பி விட்டது.

படம் பார்க்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று விட்டு வந்தவன், ஊரும் உறவும் தூரத்தில் இருக்க, ஓர் அறையில் எட்டுப் பேரோடு கிடப்பவன், கையில் செல்போன் தவிர வேறு என்ன வைத்திருக்கிறான்? அவனுக்கு உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் செய்யக் கூடியதும் செய்ய வேண்டியதும் உண்டு. கூட வேலை செய்யும் பெண்ணை அவளுக்குத் தெரியாமல் படம் பிடித்து ஒருவன் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அதை அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள். குளிக்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் ஒளிந்து பார்ப்பதும், படம் பிடிப்பதும், பரப்புவதும் பாரதிய நியாய சம்ஹிதா 77-வது பிரிவின் கீழ்க் குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண்களின் புகாரைக் கேட்க உள் கமிட்டி இருக்க வேண்டும் என்று 2013-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. உங்கள் கம்பெனியில் அந்தக் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று நோட்டீஸ் போர்டில் பாருங்கள். போர்டில் இல்லையென்றால், அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வோடு அதையும் சேருங்கள். ஆண் தொழிலாளிகள் கேட்டால் நிர்வாகம் திடுக்கிட்டுப் போகும். அந்தத் திடுக்கீடு நல்லது.

வயல் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குக் கம்பெனியும் இல்லை, கம்பெனிக் கமிட்டியும் இல்லை. அவர்களுக்கு ஜில்லா கலெக்டர் அமைக்க வேண்டிய உள்ளூர்க் கமிட்டி இருக்கிறது. காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கலாம். கூடப் போக நாங்கள் நாலு பேர் தயார்.

இனி நீங்கள் பேசுங்கள். படத்தைப் பற்றி, என் பேச்சைப் பற்றி, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள். முதலில் பின் வரிசையில் இருக்கும் பெண்கள் முன்னால் வரட்டும். நைட் ஷிப்டு பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.